தேறிய நீரும் தேறிய உடம்பும்

“அண்ணை, ஆள் எப்பிடி?”

“காய்ச்சல் மாறியிட்டுது, தம்பி. ஆனால், ஆள் இன்னும் தேறேல்லை.”

வைத்தியசாலை வாசலிலே, நோயாளரைப் பார்த்துவிட்டு வருகின்ற ஒருவரும் பார்க்கப் போகின்ற ஒருவரும் எதிர்ப்படும்போது பேசிக்கொள்ளும் பேச்சு இது. யாழ்ப்பாணத்திலே பிறந்தோர் இதனைப் பலமுறை கேட்டிருப்பர், தாமும் சொல்லியிருப்பர். சொல்லுகின்றவர் பண்டிதராய் இருக்கவேண்டியதில்லை; இலக்கணம் கற்றவராயும் இருக்கவேண்டியதில்லை. எனினும், அவர் வாயிற் பிறந்த அவ்விரு சிறு வாக்கியங்களிலே நோயையும் நோயாளியையும் வேறுபிரித்துக் காணும் நுட்பமொன்று பொதிந்து கிடக்கின்றது. முதல் வாக்கியத்துக்கு எழுவாய் காய்ச்சல். இரண்டாவதற்கு எழுவாய் ஆள். மாறுவது நோய்; தேறுவது மனிதன். முன்னது நிகழ்ந்த பின்னரும் பின்னது நிகழாதிருத்தல் கூடும் என்பது அப்பேச்சின் உட்பொருள்.

ஆங்கிலத்திலே ‘றிக்கவரி’ என்னும் ஒரே சொல் பல இடங்களுக்கும் ஓடி வேலை செய்கின்றது. களவுபோன பொருள் கைக்கு வருதலும் அதுவே. நோயுற்ற உடம்பு நலமுறுதலும் அதுவே. சரிந்த பொருளாதாரம் நிமிர்தலும் அதுவே. அச்சொல்லை எதிரே வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்போர், ‘மீட்சி’ என்றோ ‘குணமடைதல்’ என்றோ கைக்கெட்டிய ஒன்றைப் போட்டு மேற்செல்கின்றனர். அவசரத்தில் அது நேர்வதுதான். ஆயினும், தமிழில் இப்பொருளைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று பதிலாள் அல்ல. ஒவ்வொன்றும் நோயைப்பற்றியும் மனிதனைப்பற்றியும் ஒவ்வொரு கருத்தைத் தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. அவற்றுள் மிக எளியதாய், நாள்தோறும் வழங்குவதாய் உள்ள ‘தேறுதல்’ என்னும் சொல்லை நடுவே வைத்து, அதன் சுற்றத்தார் சிலரையும் இங்கே காண்போம்.

கலங்கலும் தெளிவும்

தேறுதல் என்பதன் அடிப்படைப் பொருள் தெளிதல். கலங்கிய நீரை ஒரு பாத்திரத்தில் வார்த்து அசையாது வைத்தால், மண் அடியிற் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். அவ்வாறு நிற்பதே தேறுதல். பழந்தமிழ்ப் புலவர் கள்ளின் தெளிவைத் ‘தேறல்’ என்று வழங்கினர். வண்டல் படிய வடித்தெடுத்த தெளிவு ஆதலின் அப்பெயர் பெற்றது.

இதே அடியிற் பிறந்த மற்றொரு பெயர் தேற்றா மரத்தினுடையது. பேச்சு வழக்கிலே தேத்தாங்கொட்டை எனப்படும் அதன் விதையை, மட்பானையின் உட்புறத்திலே உரைத்து, அதிற் கலங்கல் நீரை வார்த்துவைப்பது நம் முன்னோர் கண்ட முறை. விதையிலுள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்கின்றன, திரண்டவை தம் பாரத்தால் அடியிற் படிகின்றன, நீர் தெளிகின்றது. நீரைத் தேற்றுவதால் அது தேற்றா. வியப்பு யாதெனில், தாவர நூலார் இம்மரத்தை நஞ்சுடைய எட்டியோடு ஒரே இனத்தில் வைத்தெண்ணுகின்றனர். உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் நஞ்சாகவும் மற்றவர் தெளிவாகவும் அமைந்தமை இயற்கையின் விளையாட்டுப் போலும். மட்டக்களப்புப் பகுதியிலுள்ள தேற்றாத்தீவு என்னும் ஊர்ப் பெயரிலே இம்மரத்தின் பெயரைக் காண்போரும் உளர்.

நீரைத் தெளிவிக்கும் இவ்விதை உடம்பையும் தெளிவிக்கும் என்பது சித்த வைத்தியர் கொள்கை. மெலிந்த உடம்பு பெருக்கத் தேற்றான்கொட்டை இலேகியம் கொடுப்பது இன்றும் உள்ள வழக்கம். மருந்துகளின் செய்கையை வகுக்குமிடத்து, நலிந்த உடம்பைப் படிப்படியாக முன்னைய வலுவுக்குக் கொணரும் மருந்தினை அந்நூலார் ‘உடற்றேற்றி’ எனப் பெயரிட்டழைப்பர். நோயைக் கொல்லும் மருந்து வேறு, உடம்பைத் தேற்றும் மருந்து வேறு என்னும் தெளிவு அப்பெயரிலேயே இருக்கின்றது. மருந்துண்ணும் காலத்துப் பத்தியம் போதாதென்று, மருந்து நிறுத்திய பின்னரும் சில நாள் ‘மறுபத்தியம்’ காக்கும்படி அவர் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே.

உடம்புக்கு மாத்திரமன்று, உள்ளத்துக்கும் இவ்வுவமை பழமையானது. நெய்தற்கலிப் பாட்டொன்றிலே, பிரிவுத் துயரால் அறிவு கலங்கிய தலைவி, தலைவன் வந்து சேர்ந்ததும் தெளிவடைந்த செய்தி வருகின்றது. அத்தெளிவுக்குப் புலவர் காட்டும் உவமை தேற்றா விதையிட்ட கலங்கல் நீர். தேற்றாவை அங்கே ‘இல்லம்’ என்னும் பழம்பெயரால் வழங்குகின்றார். நீரின் தெளிவு, மனத்தின் தெளிவு, நலம் பெறுதல் ஆகிய மூன்றையும் ஒரு சரட்டிலே கோத்த இவ்வுவமை, தேறுதல் என்னும் சொல்லின் வரலாறு முழுவதையும் ஒரே காட்சியாக நமக்குக் காட்டிவிடுகின்றது.

இவ்வடிப்படையிலிருந்தே ஏனைய பொருள்கள் கிளைத்தன. ஐயம் என்னும் கலங்கல் அடங்கி நிற்பது துணிவு. ஆதலின், ஏகார இடைச்சொல்லின் பொருள்களை எண்ணிய தொல்காப்பியர் துணிவுப் பொருளைத் ‘தேற்றம்’ என்றார். ஒருவரைப்பற்றி மனத்திலுள்ள கலக்கம் தெளிந்து நம்புதலும் தேறுதலே. தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலே, ஆராயாமல் எவரையும் தேறலாகாது, ஆராய்ந்து தேறியபின் ஐயுறலும் ஆகாது என வள்ளுவர் அறிவுறுத்துவது இப்பொருளில். கல்வியிலே கலக்கமின்றி நின்றாரையும் தேறினார் என்றோம். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நடத்திய பண்டித பரீட்சையில் ஒருவர் ‘தேறினார்’ என்றால், ஊரே அவரை மதித்த காலமொன்று இருந்தது. இந்நாளிலே ‘சித்தியடைந்தார்’ என்பது பெருவழக்காயிற்று. சித்தி என்பது கைகூடுதலை மாத்திரம் சொல்லும்; தேறுதல், கற்றவன் உள்ளே தெளிந்ததையும் சேர்த்துச் சொல்லும்.

எழுவாய் எது?

நலம் பெறுதலைக் குறிக்கும் சொற்களை வகுத்துக் காண ஓர் எளிய வழி உண்டு. அவ்வினைக்கு எழுவாய் எது என்று வினாவுதலே அவ்வழி. மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது.

நோயை எழுவாயாகக் கொள்ளும் வினைகள் ஒரு வகுப்பு. மாறுதல், தீர்தல், தணிதல், விடுதல், இறங்குதல் என்பன அவை. காய்ச்சல் மாறிற்று, பிணி தீர்ந்தது, வலி தணிந்தது, குளிர் விட்டது, விடம் இறங்கிற்று என்கின்றோம். இவற்றுள் ‘மாறுதல்’ ஈழத்தவர் வாயிலே மிகுதியாகப் பயில்வது. தமிழகத்து நண்பர் சிலர் அதனைக் கேட்டு, காய்ச்சல் வேறெதுவாக மாறிற்று என்று வியப்பதுண்டு. வேறொன்றாதல் மாத்திரமே மாறுதலின் பொருள் அன்று. நீங்குதல், ஒழிதல் என்பதும் அதன் பழம்பொருளே. ஓயாது பெய்யும் மழையை ‘மாறா மழை’ என்னும்போது அப்பொருளையே ஆளுகின்றோம். ஏட்டிலே அருகிய பொருளொன்று நம் வீட்டுத் திண்ணையிலே உயிரோடு இருக்கின்றது. அவ்வாறே, தீர்தல் என்னும் சொல்லுக்கு விடுதற் பொருள் உண்டெனத் தொல்காப்பியர் உரியியலிலே கூறிப்போந்தார். ‘காய்ச்சல் விட்டது’ என்று நம் பாட்டிமார் சொல்லுவதும், ‘பிணி தீர்ந்தது’ என்று புலவர் சொல்லுவதும் பொருளால் ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியனைத் ‘தீர்ப்பான்’ என வள்ளுவர் பெயரிட்டதும் நினைக்கத்தக்கது. நோயை நோயாளியிடமிருந்து விடுவிப்பவன் அவன்.

புண்ணை எழுவாயாகக் கொள்ளும் வினை ‘ஆறுதல்.’ சூடு தணிதலே ஆறுதல். காய்ச்சிய பால் ஆறும். வடித்த சோறு ஆறும். அவ்வாறே புண்ணும் ஆறும். புண் என்பது உடம்பில் எரியும் சிறு நெருப்பு என்னும் கருத்து இச்சொல்லுள் அடங்கியிருக்கின்றது. அடக்கமுடைமை அதிகாரத்திலே தீப்புண்ணையும் நாவினால் விளைந்த வடுவையும் வள்ளுவர் ஒப்பிட்ட குறளை அறியாதார் இலர். ஆறுவது எது, ஆறாதது எது என்று அங்கே அவர் வரைந்த எல்லைக்கோடு, மருத்துவருக்கும் உரியது. மனம் நொந்தாருக்கும் உரியது.

மூன்றாம் வகுப்பிலே மனிதன் எழுவாயாக நில்லாமல் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றான். ‘அவருக்குச் சுகமாயிற்று’, ‘பிள்ளைக்குக் குணமாயிற்று’ என்பன காண்க. நலம் அவனிடத்தே வந்து சேர்கின்றது. அவன் அதனைப் பெற்றுக்கொள்கின்றான்.

நான்காம் வகுப்பிலேதான் மனிதன் எழுவாயாக எழுந்து நிற்கின்றான். அவன் பிழைக்கின்றான், உய்கின்றான், தேறுகின்றான். நோய் போவது மருந்தின் செயலாகலாம்; சுகம் வருவது இறைவன் கொடையாகலாம்; தேறுவதோ அவன்தானே செய்யவேண்டிய வினை. அதனை அவனுக்காக மற்றொருவர் செய்துவிட முடியாது.

சுகமும் குணமும்

வடமொழியிலே சுகம் என்பது இன்பம், துக்கத்தின் மறுதலை. தமிழகத்து வழக்கிலே அவ்வின்பப் பொருள் இன்னும் மேலோங்கி நிற்க, நம் நாட்டிலே உடல் நலம் என்னும் பொருளே முதன்மை பெற்றது. ‘சுகமாய் இருக்கிறியளோ?’ என்பது நம்மவர் சந்தித்தவுடன் கேட்கும் முதற் கேள்வி. சுகத்துக்கு மறுதலையாக நாம் வைத்திருக்கும் சொல் ‘வருத்தம்.’ தமிழகத்தில் வருத்தம் என்றால் மனத்துயர். ஈழத்தில் வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளர். ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்று இங்கிருந்து எழுதிய கடிதத்தைத் தமிழகத்தார் ஒருவர் படித்தால், அம்மா எதற்காகக் கவலைப்படுகின்றார் என்றே எண்ணுவர். உடம்பின் நலத்தை மனத்தின் இன்பச் சொல்லாலும், உடம்பின் நோயை மனத்தின் துன்பச் சொல்லாலும் குறிக்கின்ற நம் வழக்கு, உடம்பும் மனமும் அயலார் அல்ல என்று சொல்லாமற் சொல்லுகின்றது.

குணம் என்பது பண்பு. குற்றத்தின் எதிர்ச்சொல்லாய் வரும்போது நற்பண்பு. குணமாதல் என்றால், கெட்டுப்போன உடம்பு தன் நற்பண்புக்குத் திரும்புதல். கிறித்தவ வேதத்தின் தமிழிலே ‘குணப்படுதல்’ என்பது பாவத்தினின்று மனந்திரும்புதலைக் குறித்து வருகின்றது. அங்கேயே நோய் நீங்குதலுக்குச் ‘சொஸ்தம்’ என்னும் சொல் வழங்குகின்றது. அது ‘சுவஸ்தம்’ என்பதன் திரிபு. தன்னில் தான் நிற்றல் என்பது அதன் பகுதிப்பொருள். நோய் வந்தால் மனிதன் தன்னிலை பெயர்கின்றான்; நலமுற்றால் தன்னிலையிலே நிற்கின்றான். ஆரோக்கியம் என்பதோ உரோகம் இன்மை என்னும் எதிர்மறையாய் அமைந்தது. நோய் இல்லாமை ஒன்றையே அது சொல்லும். இருப்பது யாது என்று சொல்லாது.

பிழைத்தல் என்னும் சொல்லின் கதை இவை எல்லாவற்றிலும் சுவையானது. பிழை என்றால் தவறு. படைச்செருக்கிலே, யானைமேல் எறிந்து குறிதவறிய வேலைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட வினை ‘பிழைத்தல்’ என்பதே. எய்த அம்பு தவறினால், அம்பும் பிழைத்தது; குறியாய் நின்ற மானும் பிழைத்தது. இவ்வாறு தவறுதலைக் குறித்த சொல், தப்புதலைக் குறித்து, உயிர் வாழ்தலைக் குறித்து, ஈற்றிலே வயிற்றுப்பாட்டையும் குறிக்கலாயிற்று. ‘என்ன பிழைப்பு இது!’ என்று சலித்துக்கொள்ளும்போது, நாம் எல்லோரும் கூற்றுவனின் குறி தவறியதாலே நடமாடுகின்றவர் என்னும் உண்மையை அறியாமலே சொல்லுகின்றோம். ஆனால், பிழைத்தவர் எல்லோரும் தேறியவர் அல்லர். தப்புதல் ஒரு கணத்தில் நிகழும். தெளிதலுக்குக் காலம் வேண்டும்.

மீட்சியின் எல்லை

இனி, இந்நாளிற் பெருவழக்காய் உள்ள ‘மீள்’ என்னும் அடியைக் காண்போம். மீளுதல் திரும்பி வருதல். மீட்டல் திரும்பக் கொணர்தல். பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மறவர் பொருது மீட்டலைப் பழைய இலக்கணம் கரந்தை என்றது. தொல்காப்பியர் அதனை வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாகவே வகுத்தது. அப்போரில் மாண்டவனுக்கு நடுகல் நிறுவினர். யாழ்ப்பாணத்தார் ஈடுவைத்த நகையை மீட்பர். ஒற்றி வைத்த காணியை மீட்பர். ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற தேசவழமையிலும் ஒற்றிக்குத் தனியிடம் உண்டு.

இவ்விடங்களில் எல்லாம் பொதுவாய் உள்ளது ஒன்று. கவரப்பட்ட பசு எங்கோ உயிரோடு நிற்கின்றது. ஈடுவைத்த நகை எவருடைய பெட்டியிலோ குறையாமல் இருக்கின்றது. ஒற்றிக் காணி அதே எல்லைகளோடு கிடக்கின்றது. போனது போனபடியே இருந்தாலன்றி மீட்சி என்னும் சொல்லுக்கு வேலை இல்லை.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி கடல் பொங்கி, நம் நாட்டில் மாத்திரம் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2009 ஆம் ஆண்டு வைகாசியிலே நீண்ட போர் முடிவுக்கு வந்தது. இவ்விரண்டின் பின்னரும் ‘மீள்’ என்னும் முன்னொட்டு அறிக்கைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் நிறைந்தது. மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம் என்றனர். புனர்வாழ்வு என்பதிலுள்ள ‘புனர்’ என்பதற்கும் மீண்டும் என்பதே பொருள். பின்னர், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் ‘பொருளாதார மீட்சி’ என்பது பத்திரிகைத் தலைப்பாயிற்று. இவை பிழையான சொற்கள் அல்ல. காணிக்குத் திரும்புதல் மீள்குடியேற்றமே. இடிந்த சுவரை எழுப்புதல் மீள்கட்டுமானமே. சொத்துக்கும் சுவருக்கும் பொருந்திய சொல்லை மனிதருக்கும் அப்படியே போர்த்துவிடும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயை நோக்கி, ‘மீண்டு வா’ என்றால், அவள் எங்கே மீள்வாள்? அவள் திரும்பிச் செல்லவேண்டிய அந்தப் பழைய முற்றத்திலே அந்தப் பிள்ளை இல்லை. மீள முடியாதவர் மீளவில்லை என்று நாம் குறைகாண்பது, சொல்லின் குற்றத்தை மனிதர்மேல் ஏற்றுவதாகும்.

அவளால் மீள முடியாது. ஆனால், தேற முடியும். தேறுதல் பழைய இடத்துக்குத் திரும்புதல் அன்று. பானையிலே மண் இல்லாமற் போவதில்லை; அடியிற் படிகின்றது. அசைத்தால் மறுபடியும் கலங்கும். ஆயினும், மேலே நிற்பது தெளிந்த நீர், அள்ளிக் குடிக்கலாம்.

ஆற்றுவாரும் தேற்றுவாரும்

ஒருவர் துயருற்று நிற்கையில் ‘ஆற்றுவாரும் இல்லை, தேற்றுவாரும் இல்லை’ என்று இரங்குவது நம் மரபு. இவ்விரண்டும் ஒருபொருட் பன்மொழி என்று எண்ணி விட்டுவிடலாகாது. ஆற்றுதல் வெம்மையைத் தணித்தல். தேற்றுதல் கலக்கத்தைத் தெளிவித்தல். முதலிலே எரிவு அடங்கவேண்டும். அதன்பின்னரே தெளிவு பிறக்கவேண்டும். வெந்த புண்ணோடு நிற்பாரிடம் அறிவுரை கூறிப் பயனில்லை என்பதை இச்சொற்களின் வரிசையே உணர்த்துகின்றது.

2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்திலே, ‘குணமடைந்தோர்’ எனத் தலைப்பிட்டு நாள்தோறும் ஓர் எண்ணிக்கை பத்திரிகைகளில் வந்தது. அவ்வெண்ணுக்குள் அடங்கியோருட் சிலர், மாதங்கள் சென்ற பின்னரும் களைப்பாலும் மூச்சிளைப்பாலும் நலிந்ததை உலகெங்கும் மருத்துவர் கண்டனர். நோய்க் கிருமி போயிற்று, நலிவு போகவில்லை. அந்நிலைக்குப் புதுப்பெயர் தேடி மருத்துவ உலகம் சில காலம் அலைந்தது. வைத்தியசாலை வாசலிலே நின்ற நம்மவருக்கோ அதைச் சொல்லச் சொற்கள் முன்னரே இருந்தன: வருத்தம் மாறியிட்டுது, ஆள் இன்னும் தேறேல்லை.

முடிவாக இன்னுமொரு வழக்கை நினைவூட்டுதல் வேண்டும். நம் நாட்டு வர்த்தக பாடநூல்களிலே, செலவெல்லாம் கழித்தபின் எஞ்சும் இலாபத்தைத் ‘தேறிய இலாபம்’ என்கின்றனர். தமிழகத்தார் அதனை நிகர இலாபம் என்பர். சூடடித்துத் தூற்றியபின், ‘நெல் எவ்வளவு தேறும்?’ என்று வினாவுவதும் இப்பொருளிலேயே. பதரும் தூசியும் போக நிற்பதே தேறியது. கணக்குப் பதிவிலே மாணவர் நாள்தோறும் எழுதுகின்ற அச்சொல்லும், நோயாளர் கட்டிலருகே தாய் சொல்லுகின்ற சொல்லும் ஒன்றே.

இழந்ததை எல்லாம் இழந்தபின், கழித்ததை எல்லாம் கழித்தபின், எஞ்சி நிற்பதைக்கொண்டு வாழத் தொடங்குகின்ற மனிதனே தேறியவன். அவன் முன்னிருந்த அளவினன் அல்லன். ஆயினும், எஞ்சியது தெளிந்தது. அடுத்த முறை நோயாளர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது, ‘முழுச் சுகமோ?’ என்று கேட்டு அவரைக் கணக்குச் சொல்ல வைக்காதிருப்போம். ‘தேறி வாறியளோ?’ என்று கேட்போம். அக்கேள்வியிலே அவருக்குக் காலம் கொடுக்கின்றோம். பானையை அசைக்காமல் அருகே அமர்ந்திருக்கின்றோம்.